பெட்டியும் சுருதியும்: நிரம்பையிலிருந்து பரோடா வரை

கொங்கு நாட்டில் கோடை பிறந்துவிட்டது என்பதை அறிவிக்கும் அடையாளங்கள் பல. கிணறுகளில் நீர் இறங்கும். அயல் வீதி மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, இரவெல்லாம் பறையொலி கேட்கும். கத்தோலிக்க மக்களாகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. தவக்காலம் முழுவதும் அடங்கி ஒலித்து, பெரிய வியாழன் வானவர் கீதத்தோடு அறவே மௌனமாகிவிடும் ஆர்மோனியப் பெட்டி, பாஸ்குத் திருவிழிப்பில் மீண்டும் அதே கீதத்தின்போது, கோயில் மணிகளோடு சேர்ந்து வாய் திறக்கும். (1956-ஆம் ஆண்டுக்கு முன் இச்சடங்கு சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடும் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.) மூன்று நாள் மரக்கட்டையின் தட்டொலியை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு அந்த முதல் ஸ்வரம் தேனாக இனிக்கும். நம்முடைய கோடைக்காலக் கச்சேரி அதுதான்.

அந்த இனிமையில் ஒரு சிறு பிசகும் உண்டு என்று சொன்னால் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். பிசகு வாசிப்பவரிடம் இல்லை, பெட்டியிலேயே இருக்கிறது. யூபிலி நன்கொடையில் புதிய எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்குவதா, மாடத்தில் கிடக்கும் பழைய கால்பெட்டியைப் பழுது பார்ப்பதா என்று நமது பங்குப் பேரவையில் சில மாதங்களாக நடந்துவரும் விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், இந்தப் பெட்டியின் வரலாற்றை எழுதினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. பாடற்குழுவினரின் பெயர்களையும் சேவையையும் இம்மலரிலேயே வேறொருவர் எழுதுகிறார். நான் பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆர்மோனியம் பாரிஸ் நகரில் பிறந்தது. அலெக்சாண்டர் தெபேன் என்பவர் 1842-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1845-இல், பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த மரியோன் பிரெசில்லாக் அடிகளார் கோயம்புத்தூர் மிஷனின் பொறுப்பை ஏற்றார். 1850-இல் கோவை தனி அப்போஸ்தலிக்க விகாரியத்தாகவும், 1886-இல் மறைமாவட்டமாகவும் உயர்ந்ததை நாம் அறிவோம். ஆக, நமது மறைமாவட்டமும் ஆர்மோனியமும் ஏறக்குறைய ஒத்த வயதினர். பிரான்சிலிருந்து வந்த குருக்களுக்கு அது பழகிய கருவி. பெரிய குழல் ஆர்கனை வாங்க இங்கே எந்தப் பங்குக்கும் வசதியில்லை.

வசதி இருந்திருந்தாலும் நமது வெயில் அதை விட்டுவைத்திராது. குழல் ஆர்கனில் ஒலிப்பது குழலுக்குள் இருக்கும் காற்று. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதியும் ஏறும். ஒரு ஸ்தாயியை 1200 பங்காக வைத்து எண்ணும் முறை ஒன்று உண்டு. அதன்படி ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 3 பங்கு சுருதி உயரும். மார்கழிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 30 பங்கு. நமது நாட்டு இசைநூலார் பேசும் மிக நுண்ணிய சுருதி வேறுபாடு ஏறத்தாழ 22 பங்குதான்! கோடை வந்தால் குழல் ஆர்கன் தானாகவே ஒரு சுருதிக்கு மேல் ஏறி நிற்கும் என்று பொருள். ஆர்மோனியத்தில் ஒலிப்பது பித்தளை நாக்கு. அது வெயிலுக்கு அவ்வளவாக அசையாது. துருத்தித் தோலும் மரமும்தான் காய்ந்து வெடிக்கும்.

பாரிஸ் பெட்டி காலால் மிதிக்கும் பெட்டி. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும் கைப்பெட்டியாக அதை மாற்றிப் பரப்பியதில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷுக்குப் பெரும் பங்குண்டு. அதன்பின் பெட்டி கோயிலைத் தாண்டி நாடகக் கொட்டகைக்குள் புகுந்தது. கொங்கு நாட்டில் அதற்கு இருந்த மவுசு கொஞ்சமல்ல. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியம் நாடகமேடையில் பேர்பெற்றது. பின்னர் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த காலத்தில், அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் தனிமையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்து மெட்டுப் போட்டார். அவர்தான் எம்.எஸ். விசுவநாதன். சிங்காநல்லூர்ப் பக்கம் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை. ஆர்மோனியம் என்றாலே முகம் சுளிக்கும் வித்துவான்கூட, அவருடைய சுருதி என்ன என்று கேட்டால் "ஒரு கட்டை" என்றோ "ஐந்தரைக் கட்டை" என்றோதான் சொல்வார். கட்டை என்பது ஆர்மோனியக் கட்டை. எதிரியின் அளவுகோலையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் பெட்டியின்மீது என்ன குற்றம்? அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. இது இயற்கை அமைத்த உறவு, தம்புரா மீட்டும் எவரும் காதால் அறிவது. ஒரு பஞ்சமத்திலிருந்து அதன் பஞ்சமத்துக்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் என்று பன்னிரண்டு முறை போனால், ஏழு ஸ்தாயிகளைக் கடந்து புறப்பட்ட ஸ்வரத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் சேர்வதில்லை. வயலைச் சுற்றிச் சங்கிலி பிடித்து அளந்துவந்த நில அளவையாளர், புறப்பட்ட எல்லைக்கல்லைச் சற்றே தாண்டிப் போய் நிற்பதைப் போல, சுமார் 23 பங்கு மீறிவிடுகிறது. இந்த மீதத்தை என்ன செய்வது? மேல்நாட்டார் அதைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் இம்மி குறைத்துவிட்டார்கள். வரப்பு நேராயிற்று. ஆனால் எந்த ஸ்வரமும் முழுச்சுத்தமாக இல்லை. பஞ்சமத்தில் குறை தெரியாது, காந்தாரத்தில் தெரியும். இயற்கையான அந்தர காந்தாரம் 386-ஆம் பங்கில் நிற்கிறது. பெட்டியில் அது 400. தம்புராவை மீட்டிக்கொண்டே பெட்டியில் காந்தாரத்தை அழுத்திப் பாருங்கள், இரண்டும் உரசுவது கேட்கும்.

இந்த உரசலைப் பொறுக்காமல் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட கட்டைகள் வைத்துப் பெட்டி செய்தவர்கள் பலர். அவர்களுள் முக்கியமானவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இத்தாலியின் நிக்கோலா விச்சென்தீனோ அடிகளார் கர்தினால் இப்போலித்தோ தெஸ்தேயின் ஆதரவில் இருந்தவர். 1551-இல் ரோமையில் லூசித்தானோ என்ற போர்த்துக்கீசிய இசைவாணரோடு அவர் ஒரு வாதத்தில் இறங்கினார். பந்தயம் இரண்டு பொற்காசு. நடுவர்கள் பாப்பரசரின் சிற்றாலயப் பாடகர்கள். தீர்ப்பு விச்சென்தீனோவுக்கு எதிராகப் போயிற்று. பொற்காசு போனதைவிட மானம் போனதுதான் அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1555-இல் பெரிய நூலொன்றை அச்சிட்டு, ஸ்தாயிக்கு 36 கட்டைகள் கொண்ட தந்திக் கருவியை அதில் விவரித்தார். 1561-இல் அதே முறையில் ஓர் ஆர்கனும் செய்வித்தார். பிற்காலத்தில் புனித சார்லஸ் பொரோமேயு பேராயராயிருந்த மிலான் நகரில் ஒரு கோயிலின் பொறுப்பேற்று, 1570-களில் அந்நகரைச் சூறையாடிய கொள்ளைநோயில் மாண்டார். அவருடைய ஆர்கனை வாசிக்க அவருக்குப்பின் ஆளில்லாமற் போயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வழக்கு வேறு விதமானது. ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்று வடமொழி நூல்கள் கூறின. தமிழில் சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையிலும் குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்று மாத்திரைக் கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டினால் 22. அந்த உரையை எழுதிய அடியார்க்கு நல்லார் எந்த ஊர் என்கிறீர்கள்? நம் ஊர்! விசயமங்கலத்தை அடுத்த நிரம்பை அவருடைய ஊர் என்றும், அவரை ஆதரித்தவன் பொப்பண்ண காங்கேயர்கோன் என்றும் கூறுவர். தமிழிசையின் இலக்கணத்தை அறிய விழைவோர் யாராயினும் இந்தக் கொங்கு நாட்டு உரையாசிரியரின் வாசலில் வந்து நிற்காமல் தீராது. உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை இவ்வுரையோடு பதிப்பித்த பிறகே தமிழ்நாடு இதை உணர்ந்தது. கொங்கு நாடு என்றால் பருத்தியும் பஞ்சாலையும் மட்டுமே என்று நினைப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு வாசலில் வந்து நின்றவர்களில் தலையாயவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். நம் திருச்சபையைச் சார்ந்தவரல்லர், பிரிந்த சகோதரர்களின் சபையினர். ஆனாலும் கிறிஸ்தவ மக்கள் அனைவரும் பெருமை கொள்ளத்தக்கவர். தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். சித்த வைத்தியத்தில் தேர்ந்து தஞ்சையில் கருணானந்தர் பெயரால் மருந்துகள் செய்து பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதை இசையில் செலவிட்டார்! 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் வித்துவான்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். அவர் கண்ட முடிவு என்னவெனில், தமிழர் ஸ்தாயியை 12 சம பங்காகவும், பிறகு 24 சம பங்காகவும் பகுத்துப் பாடினர் என்பது. ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் நான்கும் முறையே 12, 24, 48, 96 என்று நுட்பமாகிக்கொண்டே போகின்றன என்றார். அப்படியானால் அடியார்க்கு நல்லார் உரையில் வரும் 22? அது 24-இல் கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வொரு அலகு குறைத்துப் பாடும் முறை என்று விளக்கினார். இவ்விளக்கத்தை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டதில்லை. காதில் விழும் இயற்கைச் சுருதிகள் சமமாக இல்லையே என்ற மறுப்புக்கு அவர் விடை எனக்கும் முழுத்திருப்தி தரவில்லை. ஆனால் ஆறாண்டுக்கு மேல் உழைத்து, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்ட ஒருவரை எளிதாக மறுத்துவிட்டுப் போகவும் முடியாது.

அதே ஆண்டுகளில் பம்பாய் மாகாணத்திலும் இரண்டு பேர் சுருதி தேடினர். ஒருவர் சாங்லியைச் சேர்ந்த தேவல், ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். மற்றவர் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். நீதிபதி. அப்துல் கரீம்கான் போன்ற பெரும் பாடகர் பாடும் ஸ்வரங்களை அளந்து, 22 சுருதிகளுக்கும் கணக்குக் கட்டி, அக்கணக்கின்படி லண்டன் மூர் அண்ட் மூர் கம்பெனியில் ஒரு சுருதி ஆர்மோனியத்தைச் செய்து வரவழைத்தார்கள்.

இரு தரப்பும் சந்தித்த இடம் பரோடா. 1916 மார்ச் 20 முதல் 24 வரை, மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில், பண்டித பாத்கண்டே முன்னின்று நடத்திய முதலாவது அகில இந்திய சங்கீத மாநாடு அது. பரோடாவில் அப்போது திவானாயிருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த வி.பி. மாதவராவ். வடக்கே குளிர் விலகி வெயில் தலைகாட்டும் பருவம். நமது கோயில்களிலோ தவக்காலம், பெட்டி அடங்கி ஒலிக்கும் காலம்! அந்த நாட்களில்தான் 22 சுருதிப் பெட்டி இந்தியாவின் தலைசிறந்த வித்துவான்கள் முன்னிலையில் வைக்கப்பட்டது. அங்கே தஞ்சையிலிருந்து ரயிலேறி வந்த பண்டிதர், தம் வீட்டுப் பெண்கள் வீணையோடு இசைத்துக் காட்ட, தம்முடைய 24 சுருதிக் கணக்கை நிறுவ முயன்றார். அந்நாளில் குடும்பப் பெண்களை அத்தகைய சபைக்கு அழைத்துச் சென்று அமர்த்தியது எத்துணைத் துணிவு!

தீர்ப்பு? பெட்டியை மாநாடு ஏற்கவில்லை. பண்டிதரின் 24-ஐயும் முடிந்த முடிபாக ஏற்கவில்லை. சுருதி வழக்கு அங்கேயே தள்ளிவைக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். பண்டிதர் 1919-இல் காலமானார். அவருடைய நூலின் இரண்டாம் பாகம் 1946-இல்தான் வெளிவந்தது. சுருதி ஆர்மோனியம் பிறகு எந்தக் கச்சேரியிலும் நிலைபெறவில்லை.

ஏன் தோற்றது என்பது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளெமென்ட்ஸ் துரை காந்தாரம் நிற்கும் இடத்தைத் தேடினார். தோடியில் காந்தாரம் எங்கே நிற்கிறது? அது நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. ஊஞ்சலாடும் குழந்தைக்கு 22 நாற்காலிகள் போட்டுக் கொடுத்து என்ன பயன்? 96 போட்டாலும் அதே கதைதான். கட்டை என்றால் அழுத்தியதும் நின்று ஒலிக்கும். நம் பாட்டுக்கு வேண்டியது ஒரு ஸ்வரத்திலிருந்து மறு ஸ்வரத்துக்கு இழைந்து போகும் வழி. அதைத் தரவல்லது மனிதக் குரலும், நாதஸ்வரமும், வீணையும், பிடிலுமே.

இக்குறையைச் சொல்லித்தான் 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. அப்போதைய தலைவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். கவி தாகூரும் அந்தத் தடையை ஆதரித்தார். 1971 அளவில்தான் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுகள் வானொலியில் நுழைய முடியாத கருவி, அதே முப்பது ஆண்டும் நம் கோயில் மாடத்தில் ராஜாவாக வீற்றிருந்தது. யார் சரி என்று கேட்டால், இரண்டு இடத்துக்கும் இரண்டு நியாயம் என்பேன். வானொலியில் பாடியவர்கள் வித்துவான்கள். இங்கே பாடுவது ஐந்நூறு பேர். மில் ஷிப்ட் முடிந்து வந்தவரும், தோட்டத்திலிருந்து வந்தவரும், கைக்குழந்தையோடு வந்த தாயும் ஒரே நேரத்தில் ஒரே சுருதியில் தொடங்கப் பிடிமானம் ஒன்று வேண்டும்.

திருச்சபையும் இதில் கண்டிப்பும் தாராளமுமாகவே நடந்துவந்திருக்கிறது. 1903-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் ஆர்கனை அனுமதித்துப் பியானோவைக் கோயிலுக்குள் விலக்கினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்லிவிட்டு, அத்தோடு நில்லாமல், மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் தரவும், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளை ஏற்கவும் வழிவகுத்தது. தமிழில் பூசை வந்தது. கீர்த்தனை முறையில் புதிய பாடல்கள் பெருகின. இலத்தீன் பாட்டுக்கு வந்த பெட்டியே அவற்றுக்கும் துணை நின்றது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது என்பது என் எண்ணம். கட்டையில் ஒலிக்கும் ஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த நம் இளைஞர்களுக்கு, ஆடவேண்டிய ஸ்வரமும் ஆடாமல் நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் விச்சென்தீனோ கண்ட கனவு மட்டும் வேறு விதமாகப் பலித்தது. ஹாலந்தில் ஃபொக்கர் என்ற பௌதிக விஞ்ஞானி, ஜெர்மானியர் ஆதிக்கத்தில் லெய்டன் பல்கலைக்கழகம் மூடப்பட்ட காலத்தில் இசைக் கணக்கில் மூழ்கினார். ஸ்தாயியை 31 சம பங்காக்கி ஒரு குழல் ஆர்கன் செய்வித்து, 1950-இல் ஹார்லெம் நகரத்து டெய்லர் காட்சிச்சாலையில் நிறுவினார். அதில் பத்தாவது படி 387-ஆம் பங்கில் விழுகிறது, அதாவது இயற்கைக் காந்தாரம் ஏறக்குறைய அப்படியே! 2009-இல் அந்த ஆர்கன் ஆம்ஸ்டர்டாம் இசை மண்டபம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. அதற்கென்றே புதிதாகப் பாட்டு இயற்றி அங்கே கச்சேரிகள் நடக்கின்றன. எவர் பாட்டையும் அது பிரதி எடுக்க முயலவில்லை, தன் பாட்டைத் தானே தேடிக்கொண்டது. பரோடாவின் பெட்டிக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் அது.

பேரவை விவாதத்துக்கு வருகிறேன். இன்றைய கீபோர்டுகள் சிலவற்றில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கவும், ஒரு சக்கரத்தை உருட்டிச் சுருதியை வளைக்கவும் வசதி உண்டு. கிளெமென்ட்ஸ் துரை கண்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். நம் பங்கில் யாரும் அந்தச் சக்கரத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஒரு பொத்தானை அழுத்தித் தாளம் தட்டவிடுவதோடு சரி. வாங்குவதானால் அந்த வசதியைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஒருவரையும் சேர்த்துத் தேடவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெட்டியே இல்லாமல் நம் மக்கள் பாடும் நாளும் ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தின் இடையே மூதாட்டிகள் ஒப்பாரி நடையில் புலம்பல் பாடும்போது கேட்டுப் பாருங்கள். இளியிலிருந்து இறங்கிவரும் அந்தக் குரல் எந்தக் கட்டையிலும் நிற்பதில்லை. அடியார்க்கு நல்லாரோ ஆபிரகாம் பண்டிதரோ பக்கத்தில் இருந்தால் ஏட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் புலம்பல்களைப் பாடக்கூடியவர்கள் நம் பங்கில் இன்று நால்வரே உள்ளனர், நால்வருக்கும் எழுபது வயதுக்கு மேல். பேரவை எந்தப் பெட்டியைத் தேர்ந்தாலும் சரி, வரும் தவக்காலத்துக்குள் இவர்கள் பாடுவதைப் பதிவு செய்துவைக்க ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். கால்பெட்டியைப் பொறுத்தமட்டில், பித்தளை நாக்குகள் இன்றும் பழுதின்றி உள்ளன. மாற்ற வேண்டியது துருத்தித் தோலும், எலி கடித்த இரண்டு மிதிபட்டைகளும்தான்.